அலுவலகத்தில் ஒரு பர்னபா

கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, மாதக் கடைசியில் கையில்தான் ஒன்றும் இருப்பதில்லை. வேலைக்குப் போகும் கிறிஸ்தவ இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வாடகை, கல்விக் கடன், வண்டித் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போன பிறகு மிச்சத்தில் காணிக்கை போடலாம் என்றிருந்தால் மிச்சம் என்று ஒன்று வரப்போவதில்லை. தன் மனம் சிறுத்துவிட்டது என்று இதற்காக யாரும் நொந்துகொள்ள வேண்டாம். வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன வழியும் அதுதான். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக அவர் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். தான் வந்து நிற்கிற நேரத்தில் ஓடியாடித் திரட்டுவதை அவர் விரும்பவில்லை. வாரத்தின் முதல் நாளிலேயே அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துத் தனியே வைத்துவிடும்படி எழுதினார். மிசோரம் சபைகளின் பெண்கள் இதை அடுப்படியில் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாராவாரம் அதைச் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். ‘புஃபாய் தாம்’ என்ற இந்தப் பழக்கம் நூறு ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. நம் பக்கத்துச் சபைகளிலும் பிடியரிசிக் காணிக்கை உண்டு. சாப்பிட்டு முடித்தபின் பானையைச் சுரண்டிப் பார்ப்பதில்லை, அளக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சம்பளம் ஏறிய மறுநாளே ஒரு தொகை தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஆட்டோ டெபிட் போட்டுவையுங்கள். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வேண்டாம். அதில் ஏறியதும் அது உங்கள் பணம் இல்லை. சபை, மிஷனரிப் பணி, தெரிந்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், திடீரென்று ஆஸ்பத்திரியில் சேரும் சக ஊழியர் என்று யார் வந்தாலும் அங்கிருந்து போகட்டும். ‘இருக்கிறதா, இல்லையா’ என்று ஒவ்வொரு முறையும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. ‘யாருக்கு, எவ்வளவு’ என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

எவ்வளவு என்ற கேள்விக்குப் பெரும்பாலான சபைகள் தசமபாகத்தைச் சொல்லும். நான் அதை ஒரு நல்ல நடுக்கோடாக எடுத்துக்கொள்கிறேன். கல்விக் கடன் கழுத்தை நெரிக்கும் முதல் வருடத்தில் மூன்று சதவீதத்தில் தொடங்கினால் தவறில்லை, நிற்காமல் போக வேண்டும், அவ்வளவுதான். வருமானம் ஏறியவருக்குப் பத்து என்பது கூரை ஆகிவிடக்கூடாது. ஜான் வெஸ்லி தம் பிரசங்கம் ஒன்றில், ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு மெதடிஸ்ட் இளைஞரின் கணக்கைச் சொல்கிறார். அது வெஸ்லியே என்பது பலரது கருத்து. அவருக்கு ஆண்டுக்கு 30 பவுன் வந்தபோது 28ல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28ல் வாழ்ந்து 32 கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் ஆண்டு 120 வந்தது, 92 கொடுத்தார். குடும்பம், பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று இருப்பவர் 28லேயே நிற்க முடியாது. ஆனால் இன்கிரிமென்ட் கடிதம் வந்த வாரத்தில், புதுச் செலவு எதற்கும் அதை எழுதிவைப்பதற்கு முன், ஆட்டோ டெபிட் தொகையை ஏற்றிவிட யாராலும் முடியும். அந்த வாரம் தாண்டினால் பணம் தனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80ஜி என்று நமக்குப் பழகிப்போன நன்கொடைக் கழிவு புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடைக்காது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. வங்கி வழியாகக் கொடுத்து, நன்கொடை பெற்ற நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ‘கழிவுதான் இல்லையே, எதற்குக் கொடுக்க வேண்டும்’ என்ற எண்ணம் வந்தால், இதுவரை எதற்காகக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று ஜெபத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கொடுக்கும் முன் பாக்கியைத் தீருங்கள்

ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளை எல்லோருக்கும் தெரியும். அக்காலக் கூலியாளின் ஒருநாள் சம்பளமான தெனாரியத்தில் அது 64ல் ஒரு பங்கு. இன்று ஒருவர் நாளொன்றுக்கு 640 ரூபாய் சம்பாதித்தால் அதில் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயை இயேசு மற்ற எல்லாக் காணிக்கைக்கும் மேலாக வைத்தார். ஆனால் மாற்கு சுவிசேஷத்தில் இதற்குச் சற்று முன்னால் இருக்கும் வசனங்களைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரை அங்கே அவர் கண்டிக்கிறார். அந்த வேகத்தோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே வந்து உட்காருகிறார்.

ஆகவே கொடுப்பதற்கு முன், யாருக்கு நாம் பாக்கி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்பது லேவியராகமச் சட்டம். உபாகமம் அதைத் திருப்பிச் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கடவுளிடம் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். பில்லுக்குக் கையெழுத்திடும் இடத்தில் நீங்கள் இருந்தால் இது நேராக உங்கள் மேசைக்கு வருகிறது. சிறு நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்கும் வேலைக்கும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கிவைத்த பில்லுக்குப் பின்னால் ஒரு பிரிண்டிங் கடைக்காரர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாமல் நிற்பார். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரின் ஓவர்டைம், டிரைவரின் பேட்டா, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு லீவு நாளில் பிடித்த பணம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். இவற்றைத் தீர்க்காமல் ஞாயிற்றுக்கிழமை பெரிய நோட்டை உறையில் வைப்பதைத் தாராளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. தாவீது பலி செலுத்த அர்வனாவின் களத்தைக் கேட்டபோது, அர்வனா களம், மாடு, விறகு எல்லாவற்றையும் இலவசமாகவே தர முன்வந்தான். தனக்குச் செலவில்லாததைக் கடவுளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்து, தாவீது 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். அலுவலகப் பணத்தில் நாம் காட்டும் கைத்தாராளத்துக்கு இது பொருந்தும். நம் சபைக்காரர், நம் ஊர்க்காரர், நம் சாதிக்காரர் என்பதற்காக ஒரு வேலையையோ ஒப்பந்தத்தையோ தூக்கிக் கொடுப்பதை உதவி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்த வேலைக்குத் தகுதியோடு வரிசையில் நின்ற முகம் தெரியாத ஒருவரின் பங்கைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். அது நம்முடையது அல்ல. தெரிந்தவருக்கு உதவ வேண்டுமானால் சனிக்கிழமை அவரை உட்காரவைத்து நேர்காணலுக்குத் தயார் செய்யுங்கள், உங்கள் நேரத்தைச் செலவழியுங்கள். முடிவெடுக்கும் அறையில் அவருக்காக விதியை வளைக்காதீர்கள்.

கைமாற்று

வேலை பார்க்கும் இடத்தில் நட்பு முறிவதற்குக் கைமாற்று ஒரு பெரிய காரணம். திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாமல் கடன் கொடுக்கச் சொல்கிறார் இயேசு. இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழி: திரும்ப வராவிட்டாலும் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடிகிற அளவுக்கு மட்டும் கொடுங்கள். ஐம்பதாயிரம் கேட்டவருக்கு ஐந்தாயிரம்தான் அப்படிக் கொடுக்க முடியும் என்றால், “இதைத் திருப்பித் தர வேண்டாம், என்னால் முடிந்தது இவ்வளவுதான்” என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சம்பள முன்பணம், பிஎஃப்பில் எடுப்பது, அரசின் மருத்துவக் காப்பீடு என்று அவருக்குத் தெரியாத வழிகள் இருக்கலாம். அந்த விண்ணப்பத்தை உடன் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தால் அது பணத்தைவிடப் பெரிய உதவியாகவும் அமையலாம்.

யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்பது உங்களோடு நிற்கட்டும். நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் கூடிக் கொண்டாடும் நாளில் அந்த உற்சாகம் எனக்கும் பிடிக்கும். கஷ்டத்தில் இருக்கும் ஒரு சக ஊழியருக்குக் கொடுக்கும்போது அந்த முறை உதவாது. வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரும் நோயும் போட்டு, யார் எவ்வளவு கொடுத்தார் என்று பட்டியல் ஓடவிட்டால் அவர் மறுபடி வேலைக்கு வரும்போது தலைநிமிர முடியாது. ஒருவர் பொறுப்பெடுத்துத் தனித்தனியாக வாங்கி, மொத்தத் தொகையை மட்டும் ஒப்படைக்கட்டும். கணக்கை இன்னொருவரும் பார்க்கட்டும். எருசலேம் காணிக்கையைச் சேர்க்கப் பவுல் தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த வேறொருவரையும் அனுப்பினார், யாரும் குறைசொல்ல இடம் இருக்கக்கூடாது என்பதற்காக.

இன்னும் ஒன்று. உதவியோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், ஆலயத்துக்கு வரும்படி அழைக்காதீர்கள். கஷ்டத்தில் இருப்பவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அப்போது நீட்டும் அழைப்பு அவருக்கு ஒரு நிபந்தனையாகத்தான் தெரியும். நல்ல சமாரியன் அடிபட்டவனை எந்த மதம் என்று கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றுவிட்டுத் தன் வழியே போனான்.

அசரியா கேட்டது

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்த வி.எஸ். அசரியா அங்கே பேச எழுந்தார். 1903ல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாக முன்நின்றவர் அவர். 1912ல் தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆகப்போகிறவர். அவருக்குக் கொடுத்த தலைப்பு வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையே உள்ள ஒத்துழைப்பு. இன்றைய சொல்லில் அது வேலையிட உறவு பற்றிய உரைதான். மிஷனரிகள் பணம் தந்தார்கள், உழைப்பைத் தந்தார்கள், தங்கள் உயிரையும் தந்தார்கள் என்று நன்றியோடு ஒப்புக்கொண்ட அசரியா, அதற்கு மேல் ஒன்றைக் கேட்டார்: நட்பு. கூடவே உழைத்தும் வெள்ளையரும் இந்தியரும் ஒட்டாமல் இருந்த இடைவெளியை முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அது கசந்தது.

நிறையக் கொடுத்துவிட்டு நட்பை மட்டும் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதை அந்த மாநாட்டுக்குக் காட்டியவர் அவர். உங்கள் தளத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தீபாவளிக்குப் பணம் கொடுக்கிறீர்கள், நல்லது. மதியம் அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? பல அலுவலகங்களில் படிக்கட்டின் அடியில், கழிப்பறைக்குப் பக்கத்தில். கேண்டீனில் அவருக்கும் ஒரு மேசை கேட்டு நிர்வாகத்திடம் பேசுவது உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காது. ஆனால் மேலாளரின் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்பைத் தாங்கிக்கொள்வதுதான் நீங்கள் கொடுக்கும் விலை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறது. அதில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரைக் கொடுப்பது

அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா முதலில் வரும் இடத்தில் நிலத்தை விற்றுப் பணத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைக்கிறார். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர் அவர். அதோடு கதை முடிந்திருந்தால் நல்ல நன்கொடையாளர் ஒருவர் என்று நின்றிருப்பார். அதற்குப் பிறகு அவர் கொடுத்தவைதான் வேலை பார்க்கும் நமக்குப் பாடம்.

சபையைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது ஒருவரும் நம்பவில்லை, பயந்தார்கள். பர்னபா அவரைக் கைபிடித்து அழைத்துப்போய், தமஸ்குவில் நடந்ததைச் சொல்லி, அவருக்காகப் பேசினார். தவறிப்போயிருந்தால் போயிருக்கக்கூடியது பர்னபாவின் சொந்த நம்பகம். அலுவலகத்தில் நம்மிடம் இருக்கும் விலையுயர்ந்த சொத்து அதுதான். ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும் ஒரு தாய், பழைய நிறுவனத்தில் மோதி வெளியே வந்த திறமைசாலி, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் கிராமத்துப் பிள்ளை ஆகியோரின் பயோடேட்டா தேர்வுக் குழுவில் ஓரம் தள்ளப்படும்போது, “இவருடைய வேலையை நான் பார்த்திருக்கிறேன், ஒருமுறை கூப்பிட்டுப் பேசுவோம்” என்று சொல்லுங்கள். நிஜமாகவே பார்த்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். பர்னபா நடந்ததைத்தான் சொன்னார், இட்டுக்கட்டவில்லை. முன்னே நான் எச்சரித்த ‘நம்ம ஆள்’ சிபாரிசு பிரியும் இடமும் இதுதான்.

பிறகு அந்தியோகியா சபை வேகமாக வளர்ந்தது. அதைப் பார்த்துவர அனுப்பப்பட்ட பர்னபா எல்லாவற்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் தர்சுவுக்குப் புறப்பட்டுப்போய் சவுலைத் தேடிக் கூட்டிவந்தார். தன்னைவிடப் படித்தவர், தன்னைவிட நன்றாகப் பேசுபவர் என்று தெரிந்தே கூட்டிவந்திருக்க வேண்டும். முதலில் ‘பர்னபாவும் சவுலும்’ என்று எழுதும் லூக்கா, முதல் மிஷனரிப் பயணத்தின் நடுவிலிருந்து பெரும்பாலும் ‘பவுலும் பர்னபாவும்’ என்று எழுதுகிறார். பர்னபா அதற்கு முணுமுணுத்ததாக ஒரு வரியும் இல்லை. உங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது உங்களைவிடக் கெட்டிக்காரரை எடுக்க முடிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். மின்னஞ்சலில் ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதும் இடத்தில், செய்த ஜூனியரின் பெயரைப் போடுங்கள். அவரை அறையில் உட்காரவைத்து அவர் வாயாலேயே பிரசன்டேஷன் கொடுக்கச் செய்யுங்கள். கேள்வி கடினமாக வந்தால் மட்டும் நீங்கள் பேசுங்கள்.

யோவான் மாற்கு விஷயத்தில்தான் பர்னபா அதிகம் இழந்தார். அந்த இளைஞர் பம்பிலியாவில் வேலையைப் பாதியில் விட்டுத் திரும்பிப்போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைக் கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா, கூடாது என்றார் பவுல். சண்டை முற்றிப் பிரிந்தார்கள். மாற்குவைக் கூட்டிக்கொண்டு பர்னபா சீப்புருவுக்குக் கப்பலேறினார், அதோடு நடபடிகள் நூல் அவரை விட்டுவிடுகிறது. மாற்கு அவருக்கு உறவினர் என்று கொலோசெயர் நிருபம் சொல்கிறது. அதனால் பவுலின் தயக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்துவா, அவர் எனக்குப் பயன்படுவார் என்று கேட்பவர் அதே பவுல். இரண்டாவது சுவிசேஷத்தைத் திருச்சபை மரபு அந்த மாற்குவின் பெயரில்தான் வைத்திருக்கிறது.

ஒருமுறை சொதப்பிய ஜூனியருக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுக்க நினைத்தால் அதை உங்கள் பொறுப்பில், உங்கள் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். “பாவம், விட்டுவிடுங்கள்” என்று மற்றவர் தலையில் கட்டிவிட்டுப் போவது பர்னபா செய்த வேலை அல்ல. சிறிய வேலை, தெளிவான நாள்கெடு, வாரத்துக்கு இருமுறை கூட உட்கார்ந்து பார்ப்பது என்று தொடங்குங்கள்.

வயலின் ஓரம்

அறுவடையில் வயலின் ஓரங்களை முற்றாக அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்றது நியாயப்பிரமாணம். போவாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ரூத்துக்காகக் கதிர்களை வேண்டுமென்றே சிந்தவிடும்படியும் அவளை அதட்டக்கூடாது என்றும் அறுப்பவர்களிடம் சொல்லிவைத்தார். மூட்டை கட்டி அவள் தலையில் ஏற்றவில்லை. அன்று மாலை அவள் தட்டி எடுத்த ஒரு எப்பா வாற்கோதுமை, ஏறக்குறைய 22 லிட்டர், அவள் உழைத்துச் சேர்த்தது.

நாட்காட்டியை விளிம்புவரை நிரப்பிவைத்திருப்பவரால் யாருக்கும் உதவ முடியாது. நாளில் அரை மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். யாராவது சந்தேகம் கேட்டு வருவார்கள், வராவிட்டால் உங்கள் வேலை இருக்கவே இருக்கிறது. திட்டத்தில் ஜூனியருக்குப் பெயர் வாங்கித் தரக்கூடிய ஒரு பகுதியை நீங்களே முடித்துவிடாமல் சிந்தவிடுங்கள். ஷிப்ட் முறையில் வேலை பார்க்கும் செவிலியர், காவலர், தொழிற்சாலை ஊழியர்களுக்கு இன்னொன்று உண்டு: தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கேட்காமலே டூட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் அன்று அந்தச் சக ஊழியர்கள் உங்களுக்காக வருவார்கள். வராமல் போனாலும் அடுத்த வருடமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். எருசலேம் சபையில் கிரேக்கம் பேசும் விதவைகளுக்குப் பந்தியில் குறை வந்தபோது, அப்போஸ்தலர்கள் அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். குறை சொன்ன தரப்பின் கைக்கே பொறுப்புப் போனதாகத்தான் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி இரவு பதினொரு மணிவரை உட்காருபவர் வீட்டில் இருப்பவர்களின் நேரத்தை எடுத்துத்தான் அலுவலகத்துக்குக் கொடுக்கிறார்.

வேலையை விட்டுப் போகும்போதும் கொடுக்க நிறைய இருக்கிறது. மோசே தன் அதிகாரத்தில் ஒரு பங்கை யோசுவாவுக்குத் தான் உயிரோடு இருக்கும்போதே, ஆசாரியனான எலெயாசாருக்கும் சபையார் எல்லாருக்கும் முன்பாக, கைவைத்துக் கொடுத்தார். நோட்டீஸ் காலத்தின் கடைசி இரண்டு வாரத்தைப் பிரிவு விருந்திலேயே கழித்துவிடாதீர்கள். எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார், எந்த மெஷின் மழைக்காலத்தில் மக்கர் செய்யும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் கோப்பு நகரும் என்று இத்தனை வருடம் தலைக்குள் வைத்திருந்ததை எழுதிக் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும் “இனி எல்லாம் இவர்தான்” என்று சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அதன்பின் பழைய வாடிக்கையாளர் பழக்கத்தில் உங்களைக் கூப்பிட்டால், புதியவரின் எண்ணைக் கொடுங்கள்.